கப்பலில் ‘வேண்டாம்’ என்று சொல்லாதே

வசந்தா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். அதைக் கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. ஆகவே கேட்டுவிட்டு உடனே அடுத்த வரிக்கு ஓட மனம் வரவில்லை. நிஜமாகவே கேட்கிறேன், நலமா? குழந்தைக்குச் சளி என்று உன் அம்மா பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்கு அது முன்பே தெரியும். நான் கேட்க வேண்டும் என்றுதான் என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று சொன்னாள். இப்போது தேவலையா?

வரும் வியாழக்கிழமை நீ மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறாய். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருக்கும் உன் கணவனிடம் கைக்குழந்தையோடு போகிறாய். ஒரு வாரத்துக்கு மேல் கடலில் இருக்க வேண்டும். துணைக்கு யாரும் இல்லை. உன்னை வழியனுப்ப நான் வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னவன்தான் இதை எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன் என்பது எழுதத் தொடங்கும்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். “இன்னாங்க, உங்க பொண்ணு கப்பல்ல போவுது. கப்பல்ல பேசறதுக்கு நாலு இங்கிலீஷு வார்த்த எழுதித் தரச் சொல்லிச்சு” என்றாள். “அதான் புருஷன் இருக்கான் இல்ல, அவன் எழுதி அனுப்பட்டும்” என்றேன். “அந்தப் புள்ள இரும்ப ஒட்டவைக்கும். இங்கிலீஷுக்கு எங்க போவும்? ஊருல இருக்கறவனுக்கெல்லாம் மனு எழுதித் தரீங்க, பெத்த பொண்ணுக்கு எழுதனா கை தேஞ்சிடுமா?” என்றாள். “வச்சிட்டுப் போ” என்றேன். அவள் போகவில்லை. புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு, “கப்பலாண்ட வரீங்களா?” என்று கேட்டாள். “நான் எதுக்கு?” என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் அந்த நோட்டு அப்படியே கிடந்தது. நான்காம் நாள் அவள் என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “நோட்டப் பாத்துக்கினு ஒக்காந்துகினு இருங்க. கப்பலு உங்களுக்காக நின்னுகினு இருக்கும்” என்றாள். அன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ என்னிடம் ஆங்கிலம் கேட்பது இது முதல் தடவை இல்லை. நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பொன்னேரியில் நம் வீட்டுக் கூடத்தில் சாயங்காலங்களில் பாய் விரித்து ஏழெட்டுப் பையன்களுக்கு நான் பாடம் எடுத்தேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தாய். ஒரு நாள் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர்களுக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்தாய். “உனக்கு இன்னாத்துக்கு இது? போய் அம்மாவுக்கு ஒத்தாச பண்ணு” என்று எழுப்பி அனுப்பினேன். நீ சிலேட்டோடு எழுந்து போனாய். அன்று அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் இப்போது கும்மிடிப்பூண்டி ஆலையில் எனக்கு மேலதிகாரி. அவன் எழுதும் கடிதங்களில் உள்ள பிழைகளை நான் திருத்தித் தட்டச்சு செய்துகொடுக்கிறேன், அவன் கையெழுத்துப் போடுகிறான். பி.ஏ. படித்தவன் நான், அவன் படிப்பை முடிக்கவே இல்லை. முதலாளியின் மைத்துனனுக்கு அவன் கூட்டாளி, அவ்வளவுதான் தகுதி. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதற்காக எரிகிற வயிறு, உன்னைப் பாயிலிருந்து எழுப்பிவிட்டதற்காக ஒரு நாளும் எரிந்ததில்லை. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பார். கப்பலில் ஏறியதும் உன் சீட்டைக் காட்டி, “வேர் இஸ் மை பெர்த், ப்ளீஸ்?” என்று கேள். என் படுக்கை எங்கே என்று பொருள். யாராவது அதில் மூட்டையை வைத்திருந்தால் சண்டை போடாதே, விட்டும் கொடுக்காதே. “திஸ் இஸ் மை ப்ளேஸ்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நில். மேல் படுக்கை வந்திருந்தால், “ஐ ஹாவ் எ பேபி. லோயர் பெர்த், ப்ளீஸ்” என்று கேள். கைக்குழந்தைக்காரிக்குக் கீழ்ப் படுக்கை தருவார்கள், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் கடல் தண்ணீராக இருக்கும். குழந்தையை அதில் குளிப்பாட்டினால் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். “ஃப்ரெஷ் வாட்டர், ப்ளீஸ், ஃபார் த பேபி” என்று நல்ல தண்ணீர் கேட்டு வாங்கு. பால் கரைக்க வெந்நீருக்கு, “ஹாட் வாட்டர், ப்ளீஸ்.” ஒருவர் பேசுவது புரியவில்லை என்றால் தலையாட்டிவிடாதே. நம் ஆட்கள் புரியாததற்குத்தான் அதிகம் தலையாட்டுவார்கள். “சே இட் அகெய்ன், ஸ்லோலி” என்று சொல். மறுபடி சொல்லச் சொல்வதில் அவமானம் இல்லை. முதல் இரண்டு நாளில் ஒரு தடவை மணி அடித்து எல்லாரையும் மேல்தளத்துக்குக் கூப்பிடுவார்கள். அது ஆபத்து இல்லை, பயிற்சி. மிதவைச் சட்டையை எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். “வேர் இஸ் த பேபி’ஸ் லைஃப் ஜாக்கெட்?” என்று அப்போதே கேட்டுவிடு. குழந்தைக்குத் தனி அளவு உண்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரண்டே சொல்தான். “எஸ், ப்ளீஸ்.” வேண்டும், கொடுங்கள் என்று பொருள். இதை நீ எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லிப் பழக வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்ல முடியாதபடி உன்னை வளர்த்தவன் நான். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்போம். மறுபடி கேட்பார்கள், இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம் என்போம். மூன்றாம் தடவை டம்ளரைக் கையில் திணிப்பார்கள், உங்கள் திருப்திக்காக என்று வாங்கிக் குடிப்போம். முதல் ‘வேண்டாம்’ காதில் விழுந்ததும் டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போகிறவரை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டோம். உனக்கு ஆறு வயதிருக்கும்போது, ஆரணியில் என் சிற்றப்பா வீட்டில், “மைசூர்பாகு தின்றியாம்மா?” என்று கேட்டார்கள். “உம், குடு” என்று நீ கையை நீட்டினாய். யாருக்கும் தெரியாமல் உன் தொடையில் கிள்ளினேன். நீ கையை இழுத்துக்கொண்டு, “வாணாம்” என்றாய். கண்ணில் தண்ணீர் நின்றது. நல்ல வளர்ப்பு என்று சிற்றப்பா மெச்சினார், நானும் பெருமைப்பட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், உன் நாலு வயதில், நாம் மூவரும் கப்பலில் பினாங்குக்குப் போனோம். என் அண்ணன் அங்கே ஒரு வியாபாரக் கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தார். போய்ச் சேர்ந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அந்தக் கதையை எழுதினால் இந்த நோட்டு போதாது, இப்போது வேண்டாம். கப்பலில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். உனக்கு அது நினைவிருக்காது. உன் அம்மாவும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். அந்த விஷயத்தில் அவள் என்னைக் காட்டிக்கொடுத்ததே இல்லை.

கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கான பேர் அடுக்குப் படுக்கைகளில் கிடந்தோம். கொஞ்சமாவது ஆங்கிலம் தெரிந்தவர்கள் அங்கே மிகக் குறைவு. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் பேசினால் யாராவது வந்து மரியாதையாகப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். முதல் நாள் மாலை வெள்ளைக் கோட்டுப் போட்ட சிப்பந்தி ஒருவர் தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்தார். “நோ, தேங்க் யூ. வி ஆர் குவைட் ஆல்ரைட்” என்றேன். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் திகைத்துப் போனேன். அடுத்த நாளும் அப்படியே. குழந்தைகளுக்குப் பால் வந்தது, வேண்டுமா என்று கேட்டார். “டோன்ட் ட்ரபுள் யுவர்செல்ஃப்” என்றேன். சிரமப்பட வேண்டாம் என்றேன், அவரும் சிரமப்படவில்லை. நாம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத்தான் தின்றோம். மூன்றாம் நாள் அது கெட்டுப்போனது. கடல் பொங்கியது. உன் அம்மா தலையைத் தூக்க முடியாமல் வாந்தி எடுத்தாள். உனக்குக் காய்ச்சல் கண்டது.

அன்று பிற்பகல் கப்பல் மருத்துவர் சுற்றி வந்தார். உயரமான மனிதர், அவசரத்தில் இருந்தார். நம் படுக்கைக்கு முன்னால் ஒரு கணம் நின்று, என்னைப் பார்த்து, “எனிதிங் த மேட்டர் ஹியர்?” என்று கேட்டார். ஏதாவது தொந்தரவா என்று கேட்கிறார். நீ என் மடியில் சுருண்டு கிடந்தாய். உன் சூடு என் வேட்டி வழியாகத் தொடையில் தெரிந்தது. வசந்தா, அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? “நத்திங் மச், டாக்டர். ஷி வில் பி ஆல்ரைட்.” பெரிதாக ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்றேன். ஒரு பெரிய மனிதர் கேட்டவுடன் நம் கஷ்டத்தைக் கொட்டுவது அழகல்ல, இன்னொரு தடவை கேட்பார், அப்போது சொல்லலாம் என்று மனம் கணக்குப் போட்டது. அவர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்ப் படுக்கையில் பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குப்பத்திலிருந்து மகனிடம் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் இருந்தாள். படிப்பு வாசனையே இல்லாதவள். அவள் பாய்ந்து எழுந்து மருத்துவரின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். “டாக்டரு! கம்மு! பேபி! பீவரு!” என்று கத்தினாள். கீழ்த்தளமே திரும்பிப் பார்த்தது. அவர் வந்து உன் நெற்றியைத் தொட்டார், முகம் மாறியது. உன்னைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கே நடந்தார், நான் பின்னால் ஓடினேன். இரண்டு நாள் அங்கே வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் என்னிடம் சொன்னார், அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் உன் அம்மாவின் தலையை மடியில் வைத்து எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னா சார் நீ? புள்ள நெருப்பாட்டம் கெடக்குது, அந்த ஆளாண்ட ஆல்ரைட்டு ஆல்ரைட்டுன்ற! உன் இங்கிலீஷ அடுப்புல வை” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இறங்கும்வரை அவளுடன் நான் பேசவில்லை. என் குழந்தையைக் காப்பாற்றியவளிடம், நாலு பேர் முன்னால் என்னைச் சிரிப்பாக்கிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. அவள் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

ஆகவே குழந்தைக்கு ஏதாவது என்றால் நீ சொல்ல வேண்டியது இதுதான். “மை சைல்ட் இஸ் சிக். கம் நவ்.” இதற்கு முன்னும் பின்னும் எந்த மரியாதையும் வேண்டாம். முதல் தடவையே சொல், உரக்கச் சொல். வரவில்லை என்றால் கையைப் பிடித்து இழு. உணவு நீட்டினால் “எஸ், ப்ளீஸ்” என்று வாங்கிக்கொள். அங்கே இரண்டாம் தடவை கேட்பவர் யாரும் இல்லை. அது அவர்கள் கல்நெஞ்சம் அல்ல. நாம் சொன்னதை நம்புகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். இரண்டு நாள் எழுதவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் நீ என் அறை வாசலில் வந்து நின்றாய். “நைனா, வெள்ளிக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. நீ வரியா?” என்று கேட்டாய். “எனக்கு வேல இருக்குது” என்றேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். நீ போய்விட்டாய். ஜெயராஜைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசியது உனக்குத் தெரியும். நான் ஹெட் கிளார்க்காக இருக்கும் ஆலையில் அவன் அப்போது வெல்டர், அவன் அப்பா ஆரணியாற்றங்கரை வயல்களில் கூலிக்குக் கதிர் அறுத்தவர், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம் என்றெல்லாம் சொன்னேன். சொன்னது தப்பு. அவன் ஒரு நாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. ஆனால் இந்த இரண்டு வருஷமும் நான் உன்மேல் வளர்த்த கோபத்துக்கு அதெல்லாம் காரணம் இல்லை. நீ ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாய் என்பதுதான் காரணம். பெற்ற தகப்பனை மறுபடி ஒரு தடவை கூப்பிட உனக்கு வாய் வரவில்லையே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் ஆலைக்கு லீவு போட்டிருந்தேன். விடிந்ததும் அவள் உன்னிடம் கிளம்பிப் போய்விட்டாள். நான் சவரம் செய்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரையாவது அனுப்புவாய் என்று நினைத்தேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் எழுந்தேன். நம் வீட்டிலிருந்து அந்த ஆபீசுக்கு நடந்தால் பத்து நிமிஷம். ஒரு மணிக்கு மேல் சட்டையைக் கழற்றி, கசங்கவே இல்லை என்று பார்த்து, மடித்து அலமாரியில் வைத்தேன். நீ என் பேச்சை நம்பிவிட்டாய். வேலை இருக்கிறது என்று அப்பா சொன்னார், இருக்கும் என்று நம்பிப் போய்விட்டாய். நான் அதைக் குற்றமாக எழுதி வைத்துக்கொண்டேன். மருத்துவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஆள்தான் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தான். கப்பலில் உன்னைக் காப்பாற்ற ஒருத்தி எழுந்தாள். பொன்னேரியில் என்னைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை, இருந்திருந்தால் அவள்மேலும் கோபித்திருப்பேன்.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இந்த வயதில் சுபாவம் மாறும் என்று நான் நம்பவில்லை. மேலதிகாரிமேல் உள்ள கோபம் போகாது. அண்ணன்மேல் உள்ளதும் போகாது, அவர் வந்து கேட்டால்கூட யோசிப்பேன். உன் விஷயத்தில் மட்டும் கோபமாக இருக்க எனக்கு இனி நாள் இல்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு நீ எத்தனை வருஷம் கழித்துத் திரும்புவாயோ, அப்போது நான் எப்படி இருப்பேனோ.

நேற்று அரைநாள் லீவு போட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் பிடித்து மதராஸுக்குப் போனேன். வழியனுப்புகிறவர்களுக்குத் துறைமுகத்தில் அனுமதிச் சீட்டுத் தருகிறார்கள். படிவத்தில், பயணிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கேள்வி இருந்தது. ‘தந்தை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை இந்த நோட்டை உன்னிடம் கொண்டுவருவாள், நீயே அவளுக்குச் சொல்.

நீ கூப்பிடுவாய் என்று காத்திருக்கவில்லை. வருகிறேன். பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், நீ குழந்தையை மட்டும் தூக்கிக்கொள். காகிதங்களைச் சரிபார்க்கும் அதிகாரியின் மேஜைவரை என்னை விடுவார்கள், விசாரித்துவிட்டேன். அவர் உன்னிடம், “வாட் இஸ் த பேபி’ஸ் நேம்?” என்று கேட்பார். குழந்தையின் பெயர் என்ன என்று பொருள். அதற்கான பதிலை என்னால் இந்த நோட்டில் எழுத முடியவில்லை. உன் அம்மா சொல்ல வாயெடுத்த போதெல்லாம் நான் எழுந்து போய்விட்டேன். அவர் கேட்கும்போது நீ நிதானமாகச் சொல். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன்
நைனா